‘வான் பலியாகட்டா’: கேப் குடியேறிகளின் பாட்டிமார்

கேள்வி: தென்னாப்பிரிக்காவுக்கு நம்மவர்கள் போனது 1860-ல், கரும்புத் தோட்ட வேலைக்குத்தானே? அதற்கு இருநூறு வருடம் முன்பே அங்கே போய் இறங்கிய டச்சுக்காரர்கள் தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டு கலப்பே இல்லாமல் இருந்தார்கள், நிறவெறிச் சட்டமெல்லாம் அதன் தொடர்ச்சிதான் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரியா?

பிப்ரவரி 2, இரவு 10.40

இரண்டு பாதியும் தவறு.

1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் நின்றது. ஒப்பந்தக் கூலிகளின் கதை அங்கே தொடங்குகிறது. அது நட்டால் பக்கம். நீங்கள் கேட்கும் டச்சுக்காரர்கள் இறங்கியது அங்கிருந்து வெகுதூரம் தள்ளி, நாட்டின் இன்னொரு முனையில், இன்றைய கேப் டவுன் இருக்கும் கேப்பில். யான் வான் ரீபெக் 1652 ஏப்ரலில் டேபிள் பே கரையில் இறங்கினார். நாடு பிடிக்க வந்தவர் இல்லை. பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போகிற வருகிற டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களுக்குக் காய்கறி, இறைச்சி, தண்ணீர் கொடுக்க ஒரு நிறுத்தம் வேண்டும், அவ்வளவுதான்.

இறங்கி ஐந்தே வருடத்தில், 1657-ல், அந்தக் கரைக்கு ஒரு பெண்ணைக் கைதியாகக் கொண்டுவந்து விட்டார்கள். ஏடுகளில் அவள் பெயர் கத்தரீனா வான் பலியாகட்டா. பலியாகட்டா என்றால் பழவேற்காடு. எங்கள் பொன்னேரியிலிருந்து பஸ் ஏறினால் கடைசி நிறுத்தம்.

பத்தேவியாவில் அடிமையாக இருந்தவள். மலாக்காவிலிருந்து வந்த இன்னொரு அடிமை அவளுடைய காதலன். இருவருக்கும் நடந்த சண்டையில் அவன் செத்துப்போனான். 1656-ல் அவளுக்கு மரண தண்டனை விதித்தார்கள், பிறகு அதை ஆயுள் முழுவதும் கேப்புக்கு நாடுகடத்தல் என்று மாற்றினார்கள். கேப்பில் தளபதி வீட்டுத் துணி துவைத்தாள். ‘பெரிய கத்ரைன்’ என்று கூப்பிட்டார்கள். ஹான்ஸ் கிறிஸ்டோஃபெல் ஸ்னைமன் என்ற ஜெர்மன் சிப்பாயோடு பழக்கம். அவளுக்குப் பிறந்த மகன் கிறிஸ்டோஃபெலுக்கு 1669-ல் ஞானஸ்நானம் நடந்தது. இன்று தென்னாப்பிரிக்காவில் ஸ்னைமன் என்ற பெயரோடு இருக்கும் பெரிய வெள்ளைக் குடும்பத்தின் மூலபுருஷன் இந்தப் பையன்தான்.

இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த விஷயம் இல்லை. கேப் டவுனில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். வந்த முதல் வாரம், பக்கத்து மேஜைக்காரர் என் ஊர் எது என்று கேட்டார். சென்னைக்கு வடக்கே என்றேன். வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு “பலியாகட்டா எங்கே இருக்கிறது, காட்டு” என்றார். எனக்குப் புரியவில்லை. மேஜையில் இருந்த பெயர்ப் பலகையைத் தொட்டுக் காட்டினார். ஸ்னைமன்.

பிப்ரவரி 3, காலை 6.15

‘வான்’ என்பதைக் குடும்பப் பெயர் என்று படித்தவர்களில் ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். இங்கே அப்படி இல்லை. ‘இன்ன ஊரிலிருந்து’ என்று மட்டும் பொருள். அடிமையை வாங்கியதும் அவளுடைய சொந்தப் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு கத்தரீனா, ஏஞ்சலா, மரியா என்று ஏதாவது வைப்பார்கள். கத்தரீனாக்கள் நிறையப் பேர் இருப்பார்களே, அடையாளம் தெரிய வேண்டுமே, அதற்காகப் பின்னால் ஓர் ஊர். வான் பெங்காலன், வான் மலபார், வான் நாகப்பட்டினம், வான் தரங்கம்பாடி. எழுத்துக்கூட்டல் எழுதுகிறவர் இஷ்டம்.

பிப்ரவரி 3, இரவு 11.05

“அப்படியானால் அவள் தமிழச்சிதானே?” என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஆமாம் என்று சொல்ல எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லக் கூடாது.

1613-லிருந்து பழவேற்காட்டில் டச்சுக்காரர்களுக்குக் கெல்ட்ரியா கோட்டை இருந்தது. சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதுதான் அவர்களுடைய தலைமையிடம். உள்நாட்டில் பிடித்தவர்களையும் வாங்கியவர்களையும் அங்கே கொண்டுவந்துதான் கப்பல் ஏற்றினார்கள். ஏட்டில் ‘பழவேற்காடு’ என்று எழுதியிருந்தால் அங்கே பிறந்தவள் என்றும் இருக்கலாம், அங்கே கப்பல் ஏறியவள் என்றும் இருக்கலாம். ஊரே தமிழும் தெலுங்கும் கலந்த ஊர். ஏரியில் கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா. சுற்றி இருந்தது விஜயநகர அரசின் மிச்சம், 1640-களில் அதுவும் கோல்கொண்டா கைக்குப் போனது. அவள் வீட்டில் பேசிய மொழி எது என்று எந்தக் குமாஸ்தாவும் கேட்டு எழுதி வைக்கவில்லை. கரையின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதற்கு மேல் ஒட்டவைத்தால் அது நம்முடைய ஆசை, அவளுடைய வரலாறு இல்லை.

அவளைப் போன்றவர்களை எது கப்பலில் ஏற்றியது என்பது நன்றாகத் தெரியும். பஞ்சமும் போரும். 1640-களின் நடுவில் கோல்கொண்டாப் படையெடுப்பும் மழை பொய்த்ததும் சேர்ந்து வந்தபோது மக்கள் தங்களையும் பிள்ளைகளையும் விற்றார்கள். 1659 முதல் 1661 வரை தஞ்சாவூர்ப் பக்கம் பிஜப்பூர்ப் படை புகுந்து வயல்களை அழித்த பிறகு வந்த பஞ்சத்தில் பழவேற்காடு, நாகப்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து டச்சுக்காரர்கள் மட்டும் 8,000 முதல் 10,000 பேரை ஏற்றினார்கள். பெரும்பாலோர் இலங்கைக்குப் போனார்கள், கொஞ்சப் பேர் பத்தேவியாவுக்கும் மலாக்காவுக்கும். தஞ்சையில் ஒரு வயிற்றுச் சோற்றுக்குப் பிள்ளையைக் கொடுத்த ஒரு தாயை நினைத்துப் பார்த்தால் இந்த எண்களை வேகமாகப் படித்துவிட்டுப் போக முடியவில்லை.

பிப்ரவரி 5, மதியம்

கல்யாணத்துக்கு வருகிறேன். கட்டுரைக்காரர் சொன்ன ‘தங்களுக்குள்ளேயே’ நடந்திருக்கவே முடியாது. காரணம் எளிது. பெண்கள் இல்லை. வந்தவர்கள் சிப்பாய், மாலுமி, தச்சன், தோட்டக்காரன். 1657-ல் கம்பெனி தன் ஊழியர்களில் ஒன்பது பேரை வேலையிலிருந்து விடுவித்து லீஸ்பேக் ஆற்றங்கரையில் நிலம் கொடுத்தது. ‘சுதந்திர பர்கர்’ என்று பெயர். (இலங்கையில் பர்கர் என்று சொல்கிறார்களே, சொல் இதே சொல்தான்.) நிலத்தில் வேலை செய்ய ஆள் வேண்டும். கால்நடை கொடுக்கிற கோய்கோய் மக்களை அடிமையாக்கக் கம்பெனி விடவில்லை, பகைத்துக்கொண்டால் மாடு வராது. அதனால் வெளியிலிருந்து அடிமைகள் வந்தார்கள். 1658-ல் ‘அமெர்ஸ்ஃபோர்ட்’ கப்பல் ஒரு போர்ச்சுகீசியக் கப்பலிடமிருந்து பறித்த அங்கோலா அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கியது. பிறகு மடகாஸ்கர், வங்காளம், மலபார், சோழமண்டலம், ஜாவா.

இந்தச் சூழலில் மூன்று பெண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கத்தரீனாவைச் சொல்லிவிட்டேன். சிப்பாய் ஸ்னைமன் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் 1671-ல் மணந்தது வங்காளத்திலிருந்து வந்து விடுதலை பெற்ற அந்தோனியை.

குரோடோவா அந்த மண்ணின் பெண், கோய்கோய். வான் ரீபெக் வீட்டில் சிறுமியாக வளர்ந்து டச்சு பேசக் கற்று, இரு தரப்புக்கும் மொழிபெயர்ப்பாளர் ஆனாள். பதினைந்து வயது இருக்கும்போதே மாடு பேரமும் சமாதானப் பேச்சும் அவள் வாயைக் கடந்துதான் போகும். 1662-ல் ஞானஸ்நானம், ஏவா என்று பெயர். 1664-ல் டேனிஷ் மருத்துவர் பீட்டர் வான் மேர்ஹோஃபுடன் கிறிஸ்தவ முறைப்படியே கல்யாணம். கணவர் மடகாஸ்கரில் கொல்லப்பட்ட பிறகு அவளுக்கு யாரும் இல்லை. குடித்தாள். பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டார்கள், ராபன் தீவில் அடைத்தார்கள். 1674-ல் முப்பத்திரண்டு வயதுக்குள் செத்துப்போனாள். மகள் பீட்டர்னெல்லா வழியாக வந்தவர்கள் சாய்மன் குடும்பத்தார்.

மூன்றாவது, ஏஞ்சலா வான் பெங்காலன். வான் ரீபெக் ஊரை விட்டுப் போகும்போது 1662-ல் இவளையும் பிள்ளைகளையும் இன்னொரு அதிகாரிக்கு விற்றார். அவர் 1666-ல் விடுதலை எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடமே அவளுக்கு ஊருக்குள் வீட்டுமனை கிடைத்தது. 1669-ல் ஆர்னோல்டஸ் பாசன் என்ற பர்கரைக் கட்டிக்கொண்டாள். 1720-ல் சாகும்போது நல்ல சொத்து. மகள் அன்னா தெ கோனிங் சுவீடன்காரக் கேப்டன் உலோஃப் பெர்குக்கு வாழ்க்கைப்பட்டாள். பிற்காலத்தில் க்ரூட் கான்ஸ்டான்ஷியா மாளிகையே அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது. அன்னாவின் ஓவியம் இன்றும் இருக்கிறது. அடிமையாக வந்த வங்காளத்துப் பெண்ணின் மகள் பெரிய வீட்டு எஜமானி.

பிப்ரவரி 5, இரவு

ஏஞ்சலாவின் கதையை மதியம் கொஞ்சம் பளிச்சென்று எழுதிவிட்டேன். அப்படி மேலே வந்தவர்கள் சிலர்தான். நகரத்தில் கம்பெனி 1679-ல் கட்டிய அடிமை விடுதி இப்போது அருங்காட்சியகம். உள்ளே நடந்தபோது வெளியே நல்ல வெயில், உள்ளே கண் பழக நேரமானது. கம்பெனியின் அடிமைகளை இரவில் அங்கே போட்டுப் பூட்டுவார்கள். கொஞ்ச தூரத்தில் சர்ச் ஸ்கொயரில் 11 கருங்கல் பாளங்கள் கிடக்கின்றன. அவற்றில் அடிமைகளின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகப் பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து பொட்டலம் பிரிப்பார்கள். நானும் ஒரு நாள் உட்கார்ந்தேன். எழுந்தபோது கையூன்றிய இடத்தில் ஒரு பெயரின் எழுத்துகள் உள்ளங்கையில் பதிந்திருந்தன. அதற்குப் பிறகு உட்கார மனம் வரவில்லை.

1652 முதல் 1808 வரை கேப்புக்குக் கொண்டுவந்த அடிமைகள் சுமார் 63,000 பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் கால்வாசிப் பேர் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும்.

பிப்ரவரி 7

“மூன்று நான்கு பெண்களை வைத்து ஒரு சமூகத்தையே கலப்பு என்று சொல்லலாமா?” நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்களுக்கு அப்பா அம்மா இருவர். தாத்தா பாட்டி 4 பேர். அவர்களுடைய பெற்றோர் 8 பேர். இப்படிப் பத்துத் தலைமுறை மேலே போனால் 1,024 இடங்கள். தலைமுறைக்கு முப்பது வருடம் என்று வைத்தால் இன்றைய ஓர் ஆப்பிரிக்கானருக்கு (அந்தக் குடியேறிகளின் வழிவந்த வெள்ளையருக்கு) அந்தப் பத்தாவது படி கிட்டத்தட்ட கிறிஸ்டோஃபெல் காலத்தில் போய் நிற்கும்.

2020-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 77 ஆப்பிரிக்கானர்களின் மரபணுவைப் பார்த்தார்கள். ஐரோப்பா அல்லாத பங்கு சராசரியாக 4.7 சதவீதம். அதில் தெற்காசியப் பங்கு 1.7, கோய்சான் (கோய்கோய், சான் என்ற அந்த மண்ணின் மக்கள்) பங்கு 1.3. அதாவது தெற்காசியாதான் முன்னால். அதற்கு ஐம்பது வருடம் முன்பே தேவாலய ஏடுகளை மட்டும் வைத்து ஹேசே என்ற வரலாற்றாளர் சுமார் 7 சதவீதம் என்று கணக்கிட்டிருந்தார். தாளும் ரத்தமும் ஏறக்குறைய ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன.

1,024-ல் 1.7 சதவீதம் என்றால் ஏறத்தாழ 17. சராசரியாக ஒவ்வொருவருக்கும் அந்தப் படியில் பதினேழு இடத்தில் நம் பக்கத்து முகம்.

பிப்ரவரி 7, சற்று நேரம் கழித்து

மேலே சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும். பதினேழு இடம் என்றால் பதினேழு பெண்கள் என்று பொருள் இல்லை. சின்ன ஊர், சொந்தத்துக்குள் கல்யாணம். ஒரே பாட்டி பல இடத்தில் உட்கார்ந்திருப்பாள். இதை நமக்கு விளக்கவே வேண்டாம். மாமன் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்குக் கொள்ளுத் தாத்தா பாட்டி எட்டுப் பேர் இல்லை, ஆறு பேர்தான். எங்கள் வீட்டிலேயே அப்படித்தான்.

இன்னொன்று. பத்துத் தலைமுறை தள்ளி இருக்கும் ஒரு மூதாதையின் மரபணு ஒரு துளிகூட நம்மிடம் இல்லாமலும் போகலாம். ஏட்டில் பாட்டி இருப்பாள், உடம்பில் இருக்க மாட்டாள். கத்தரீனாவின் மகன் வழியில் தாய்வழி மட்டுமே கடக்கும் மரபணு கீழே இறங்க வழியே இல்லை, அது மகள் வழியாக மட்டும்தான் போகும். ஏஞ்சலாவுக்கு அன்னா இருந்தாள், அதனால் அந்த வழி அவளுக்குத் திறந்திருந்தது.

பிப்ரவரி 10, இரவு

சட்டம் எப்போது குறுக்கே வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 1685. கேப்பைப் பார்வையிட வந்த கம்பெனி ஆணையர், ஐரோப்பியர் விடுதலை பெற்ற அடிமைப் பெண்களை மணக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். தகப்பன் ஐரோப்பியனாக இருந்தால், அந்தக் கலப்புப் பெண்ணைக் கட்டலாம். ஆணையர் யார் தெரியுமா? ஹென்ட்ரிக் வான் ரேடே. மலபாரில் ஆளுநராக இருந்து, கேரளத்துச் செடிகொடிகளை ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்று பன்னிரண்டு தொகுதிகளாகத் தொகுக்க வைத்தவர். ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் அறிவை மதித்து, அவருடைய சான்றுரையை, அன்று மலையாளம் எழுதிய கோலெழுத்திலேயே அச்சில் ஏற்றியவர். அந்த மனிதர்தான் இந்த உத்தரவையும் எழுதினார். இரண்டையும் ஒரே கை எழுதியது என்பது என்னை இன்னும் தொந்தரவு செய்கிறது. பழவேற்காட்டிலிருந்து சோழமண்டலத் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றியதும் இவர்தான்.

அவர் வந்தபோது கேப்பில் தளபதி சைமன் வான் டெர் ஸ்டெல். ஸ்டெலன்போஷ் ஊருக்குப் பெயர் கொடுத்தவர், பிறகு 1691-ல் ஆளுநர். இவருடைய அம்மாவின் அம்மா மோனிகா என்ற இந்திய அடிமைப் பெண். அப்பா அட்ரியான் 1646-ல் இலங்கையில் கண்டி அரசன் இராஜசிங்கனின் படையால் கொல்லப்பட்டார். கேப்பின் முதல் ஆளுநர் என்று பாடப் புத்தகத்தில் வருபவரின் பாட்டி இந்தியாக்காரி. 1950-ன் மக்கள் பதிவுச் சட்டம் அவர் காலத்தில் இருந்திருந்தால் அவரை வெள்ளையர் பட்டியலில் சேர்த்திருக்குமா என்று என் நண்பர், அந்தப் பக்கத்து மேஜை ஸ்னைமன், கேட்பார். கேட்டுவிட்டுச் சிரிக்க மாட்டார்.

உத்தரவு வந்த ஐந்து வருடத்தில், 1690-ல், கத்தரீனாவின் மகன் கிறிஸ்டோஃபெல் கல்யாணம் செய்துகொண்டான். பெண் மார்கரீத் தெரேஸ் தெ சவோய். மத ஒடுக்குமுறைக்குத் தப்பி 1688-ல் ‘ஊஸ்டர்லாண்ட்’ கப்பலில் வந்த ஹியூகனோ (பிரெஞ்சு புராட்டஸ்டண்ட்) வணிகர் ஜாக் தெ சவோயின் மகள். ஊரில் மதிப்பான குடும்பம். துணி துவைத்த கைதியின் மகனுக்கு அவர் பெண் கொடுத்தார். சட்டம் ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி பார்த்தது என்பதும் உண்மை, ஆட்கள் ஒருவரையொருவர் நேரில் பார்த்துத் தீர்மானித்தார்கள் என்பதும் உண்மை.

ஆக, கேள்வியில் இருந்த ‘தொடர்ச்சி’ இல்லை. 1949-ல் கலப்புத் திருமணத் தடைச் சட்டம் போட்டவர்கள் தங்கள் சொந்தப் பாட்டிமாரை மறந்துவிட்டு, அல்லது மறைத்துவிட்டுப் போட்டார்கள். அது 1985 வரை இருந்தது. நண்பரின் வீட்டில் குடும்ப பைபிளின் முன்பக்கத்தில் வம்சாவளி எழுதியிருக்கும். மூலபுருஷனுக்கு ‘a’, அவன் பிள்ளைகளுக்கு ‘b1, b2’ என்று எண் போடுவது அவர்கள் வழக்கம். அவருடைய தாத்தா எழுதிய பக்கத்தில் கிறிஸ்டோஃபெல் இருக்கிறான், மார்கரீத் இருக்கிறாள். கிறிஸ்டோஃபெலுக்கு மேலே அம்மா பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் கோடு. நண்பர் 1990-களில் நீல மையில் அந்தக் கோட்டின் மேல் எழுதினார். மை வேறு நிறம் என்பது நன்றாகத் தெரிகிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று காலை பழவேற்காட்டுக்குப் போனேன். இதை எழுத ஆரம்பித்ததிலிருந்து கால் அரித்துக்கொண்டே இருந்தது.

கோட்டை இருந்த இடம் முள்ளும் மேடும். டச்சுக் கல்லறை மட்டும் தொல்லியல் துறை வேலிக்குள் நன்றாக இருக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கிய கல். உள்ளே படுத்திருக்கும் கற்களில் எழுத்து இன்னும் கூர்மையாக இருக்கிறது, கோட்டுப் பள்ளத்தில் விரலை வைத்தால் நகம் உள்ளே போகிறது. இங்கே செத்த வெள்ளைக்காரருக்குப் பெயர், பதவி, பிறந்த ஊர், வயது, குடும்பச் சின்னம் எல்லாம் கல்லில். இங்கிருந்து போனவர்களுக்கு ஒன்றும் இல்லை. வாசலுக்கு எதிரே ஓர் அம்மா இறால் உலர்த்திக்கொண்டிருந்தார். “எங்க பாத்தாலும் இதையே படம் புடிக்கிறீங்க” என்றார். கொஞ்சம் இறால் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 17

என் பெயருக்கு முன்னால் இருக்கும் முதல் எழுத்து ஊர்ப்பெயர். தாத்தா ஆசையாக வைத்தது. நமக்கு ஊரைப் பெயரோடு சேர்ப்பது பெருமை. அதே ஊரை ஒருத்தியின் பெயருக்குப் பின்னால் சேர்த்து எழுதியபோது அவளுடைய சொந்தப் பெயர் போய்விட்டது. நேற்றிரவு என் அம்மாவிடம் அவருடைய பாட்டியின் பெயரைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து “ஆயா என்றுதான் கூப்பிடுவோம்” என்றார்.

பிப்ரவரி 19

‘பழவேற்காடு எப்படி பலியாகட்டா ஆகும்’ என்று கேட்டவருக்கு. ஞாயிற்றுக்கிழமை படகுக்காரரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லச் சொல்லி போனில் பதிந்தேன். அவர் ‘பளவேக்காடு’ என்றார். ழ-வும் இல்லை, ற்-உம் இல்லை. டச்சுக்காரன் காதில் விழுந்தது கிட்டத்தட்ட இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மலேசியாவில் கட்டுகிற ‘பெலிகாட்’ கைலியின் பெயரும் இதே ஊரிலிருந்து போனதுதான்.

அந்தக் குரல் பதிவைக் கேப் டவுன் நண்பருக்கு அனுப்பினேன். ஒரு நாள் பதில் இல்லை. இன்று மதியம் நான்கு குரல் செய்திகள் வந்தன, நான்கிலும் அந்த ஒரே சொல். முதலில் அவர், பிறகு அவர் மனைவி, பிறகு இரண்டு பிள்ளைகள். சின்னவள்தான் படகுக்காரர் சொன்ன மாதிரியே சொல்கிறாள்.